உதறாமல் மடித்த விரிப்பு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் நான். ஒற்றை இஸ்திரிப் பெட்டியில் தொடங்கினேன்; இன்று பெரிய ஓட்டல்களின் படுக்கைவிரிப்பெல்லாம் என் சலவைப் பட்டறையில்தான் வெளுக்கிறது. துணி தேய்க்கும் சூடான உருளையில் இதுவரை ஒருவர் நகம்கூடப் போனதில்லை. நான் போட்ட சட்டம் அப்படி: தூக்கம் வரும் மாத்திரை சாப்பிட்டவர் உள்ளே கால் வைக்கக் கூடாது.

விரிப்பு மடிக்க என் ஜோடி தங்கைதான். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து ஒரே உதறு உதறினால் பட்டறையே திரும்பிப் பார்க்கும். ஆனால் மாதாமாதம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். "வலி போனா போதும்க்கா, விரிப்பைப் பிடிச்சுக்கிட்டு உனக்கு எதிர்ல நின்னுடுவேன்" என்றுதான் ஆபரேஷனுக்கே ஒப்புக்கொண்டாள்.

கருப்பையைச் சுற்றிப் படர்ந்திருந்த சதையைச் சின்னச் சின்னத் துளை போட்டு எடுத்தார்கள். "துளைதான் சின்னது. உள்ள பெரிய வேலை நடந்திருக்கு. வலி வர்றதுக்கு முன்னாடியே நேரத்துக்கு மாத்திரை போட்டுடணும். போட்டா தூக்கமா வரும்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"வெட்டினது வயித்துல, வலி தோள்லயாடி?"

"உள்ள பாக்கறதுக்குக் காத்தடிச்சாங்களாம். மிச்சம் மேல ஏறிடுச்சு."

"அப்ப நீ என்ன, லாரி டயரா?"

"சிரிக்க வைக்காதக்கா, தையல் தெறிச்சிடும்!" தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் தளும்பியது.

டாக்டரம்மா சொன்ன ஓய்வு முடியுமுன்பே பட்டறைக்கு வந்து நின்றாள். முகம் வெளுத்து வேர்த்திருந்தது.

"மாத்திரை போட்டியா?"

"போட்டா நீ உள்ள விடுவியா?"

வலியைப் பல்லைக் கடித்து அடக்கிவிடலாம் என்று எல்லா மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறாள். விரிப்பைப் பிடித்தாள், உதறினாள், அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குடலோடு ஒட்டியிருந்ததை ஆபரேஷனில் முழுசாக எடுக்க முடியவில்லை என்றார்கள். அடுத்த மாதவிலக்கில் பழைய வலி அப்படியே வந்தது. இப்போது நேரம் தவறாமல் மாத்திரை போடுகிறாள். அதற்கு வலி பாதிதான் கேட்கிறது. "இதோட பழகிக்கணும்மா" என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார்.

தங்கைக்காகவும் சட்டத்தை நான் தளர்த்தவில்லை. சாயங்காலம் உருளை ஆறிய பிறகுதான் வருகிறாள். ஆளுக்கு இரண்டு மூலை.

"உதறலாம்க்கா."

"வேணாம்டி."

சுருக்கத்தோடே மடித்து அடுக்குகிறோம். காலையில் அவற்றை மறுபடி சலவைத் தொட்டியில்தான் போடுகிறேன். அது அவளுக்கும் தெரியும்.