மச்சானின் புறாவுக்கு என் புறாவின் ரத்தம்

உடுப்பிட்டியில் எங்கள் வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். இரண்டு வீட்டிலும் போட்டிப் புறாக்கள் உண்டு. நான் பன்னிரண்டு வருடமாக வளர்க்கிறேன். தங்கச்சியின் கணவன், என் மச்சான், தொடங்கி மூன்று வருடம்தான். வவுனியாவில் இருந்து பறக்கவிட்ட போட்டியில் அவனுடைய வெள்ளைச் சிறகுப் பெட்டை முதலாவதாக வந்தது. என்னுடைய சாம்பல் சேவல் எட்டாவது. அன்று அவன் வீட்டில் தந்த கேக்கை வாயில் வைத்துவிட்டு, பல் வலிக்கிறதென்று சொல்லித் துப்பினேன்.

சில மாதம் கழித்து அந்தப் பெட்டையை வல்லூறு அடித்தது. நெஞ்சுத்தோல் கிழிந்து தொங்க, எப்படியோ கூட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. தங்கச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதபடி சொன்னாள். நான் ஐயோ என்றேன். உள்ளே எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தையல் இரண்டு முறை பிரிந்தது. புண் மூடவில்லை. யாழ்ப்பாணத்தில் புதிதாக வந்திருந்த மிருக வைத்தியர், இளம்பெண், பிளாஸ்மா வைத்துப் பார்க்கலாம் என்றாராம். ரத்தத்தை மெஷினில் சுழற்றினால் மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கும் நீர்தான் பிளாஸ்மா. காயத்தை ஆற்றுகிற சத்து அதில் இருக்கிறது. அதைக் கட்டியாக்கிப் புண்ணில் பூசுவார்கள். ஆனால் காயப்பட்ட புறாவில் இனி ரத்தம் எடுக்க முடியாது. திடமான வேறொரு புறா வேண்டும். மச்சானிடம் மற்றவை எல்லாம் சின்னக் குஞ்சுகள். தங்கச்சி போன் எடுத்துக் கேட்டாள்.

"நேற்றுத்தான் எல்லாத்துக்கும் பூச்சி மருந்து குடுத்தனான். அந்த ரத்தம் சரிவராது," என்றேன். பச்சைப் பொய்.

பத்து நிமிடத்தில் திரும்ப எடுத்தாள். "அண்ணை, அதாலை ஒண்டும் இல்லையாம். டொக்டர் கொண்டுவரச் சொல்லுறா."

இனி என்ன செய்வது? சோம்பலான ஒரு கிழட்டுப் பெட்டையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனேன். வைத்தியர் நிறுத்துப் பார்த்தார். இது மெலிவு, வேறு இல்லையா என்று கேட்டார். மச்சான் என் முகத்தைப் பார்த்தான். திரும்ப மோட்டார் சைக்கிளில் போய்ச் சாம்பல் சேவலைக் கொண்டுவந்தேன்.

நான்தான் அதைப் பிடித்திருந்தேன். சிறகை விரித்து, உட்பக்க நரம்பில் மெல்லிய ஊசி குத்தினார். கொஞ்ச ரத்தம்தான். மெஷின் சுற்றும் நேரத்தில் மச்சானின் பெட்டையைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"இப்பிடி ஒரு எலும்புக்கட்டு நான் காணேல்லை," என்றார்.

என் சேவல் என் கையில் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த கிழமையும் ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் புண் மூடிவிட்டது. மச்சான் கொண்டுவந்து காட்டினான். நான் இறகை விலக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்புத் தோல், அதில் முள்ளு முள்ளாகப் புது இறகுகள். என் சேவலின் ரத்தம் இவ்வளவு நன்றாக வேலைசெய்திருக்க வேண்டுமா என்று இருந்தது.

அடுத்த போட்டியில் அந்தப் பெட்டை மறுபடி முதலாவது. என் சேவல் மூன்றாவது. அது இதுவரை வந்ததில் அதுதான் நல்ல இடம். யாரும் அதைக் கவனிக்கவில்லை. மச்சான் வந்தவர்களிடமெல்லாம் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஒன்றையே சொன்னான்.

"மச்சான்ரை சேவல் ரத்தம் குடுத்திராட்டி இது செத்துப்போயிருக்கும்."

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அவன் அதை மறைத்திருக்கலாம். வைத்தியரை மட்டும் புகழ்ந்திருக்கலாம். அவனைக் குறைசொல்ல எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அதையும் அவன் தரவில்லை.