பலகையில் எழுதாத சொல்

யசோதாவுக்கு அன்றைக்கும் தொண்டை கட்டிப்போயிருந்தது. பெரியமடுப் பொதுநோக்கு மண்டபத்தில் அவளுக்கு முன்னால் ஐந்து பிள்ளைகள். ஐந்தும் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து, தாய் தகப்பனோடு இப்போதுதான் ஊர் திரும்பியவை. கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் ‘அங்கே’, வலப்பக்கம் ‘இங்கே’ என்று எழுதியிருந்தாள். நாற்காலி, கதிரை. பீரோ, அலுமாரி. புரியுது, விளங்குது. நாலு மாதமாக இதே கோடு, இதே பாடம்.

“சரி, விளங்குதா?” என்று கேட்டாள்.

“ஆமா டீச்சர்!” என்றன ஐந்தும் ஒரே குரலில்.

தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாமா என்றிருந்தது அவளுக்கு. ‘ஆமா’வுக்கு எதிரே ‘ஓம்’ என்று முதல் நாளே எழுதிப் போட்டவள் அவள். பள்ளிக்கூடத்தில் இவர்கள் ‘ஆமா’ என்று வாய் திறந்தால் போதும், மற்றப் பிள்ளைகள் ‘ஆமை, ஆமை’ என்று மேசையில் தட்டுகிறார்கள். அதற்குப் பயந்தே சுபாஸ் இரண்டு கிழமை பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை. அனுஜாவின் கூத்து வேறு. வகுப்பாசிரியை “ஆறுதலா எழுதுங்கோ பிள்ளை” என்று அன்பாகத்தான் சொன்னார். இவள் எழும்பி நின்று, “யார் செத்துட்டாங்க டீச்சர்?” என்று கேட்டுவிட்டாள். இங்கே ஆறுதலாக என்றால் அவசரப்படாமல் என்று ஒன்பது வயதுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மறுநாள் அந்தச் சொல்லும் பலகையில் ஏறியது.

யசோதாவும் அப்படி வந்தவள்தான். தொண்ணூறில் கைக்குழந்தையாகப் படகேறியவள். முகாமில் வளர்ந்து, அங்கேயே பட்டமும் படித்து, பத்து வருசம் முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தாள். திரும்பி வந்து இரண்டு வருசமாகிறது. அந்தப் பட்டம் இங்கே செல்லுமா செல்லாதா என்று சொல்வதற்கு ஒரு அரசாங்கக் கந்தோருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. போகும்போதெல்லாம் ‘அடுத்த மாதம் வாங்கோ’ என்கிறார்கள். எந்த வருசத்து அடுத்த மாதம் என்றுதான் சொல்வதில்லை. ஊரில் அவளை டீச்சர் என்று கூப்பிட இந்த ஒரு வகுப்புத்தான் இருந்தது. இதுவும் போனால் அவள் வெறுமனே ‘இந்தியாவால வந்த மனிசி’.

வகுப்பை நடத்துவது ஊர்ச் சங்கம். அதன் செயலாளர் தில்லைநாதன் அன்று பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வகுப்பு எப்படி என்று பிள்ளைகளிடம் எழுதி வாங்கியிருந்த தாள்கள் அவர் கையில் இருந்தன. முகம் நன்றாக இல்லை. அவளை வாசலுக்குக் கூப்பிட்டார்.

“ரீச்சர், வகுப்பில நீங்கள் எந்நேரமும் பேசுறியளாம். பிள்ளையே எழுதியிருக்கு.”

அவர் நீட்டிய தாளில் அனுஜாவின் எழுத்து. ‘எங்கள் டீச்சர் எப்போதும் பேசிக்கொண்டே இருப்பார். வீட்டுக்குப் போனாலும் அது காதில் கேட்கும்.’ யசோதாவுக்கு மனம் குளிர்ந்துபோனது.

“ஓம் ஐயா,” என்றாள், ‘ஓம்’ சரியாக வந்த சந்தோசத்தோடு. “பேசாம எப்பிடிப் படிப்பிக்கிறது? ரெண்டு மணித்தியாலமும் பேசுவேன். தொண்டையே போயிடும்.”

தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றினார். “இதைப் பெருமையாவும் சொல்லுறியள், என்ன?”

“பேசுறதுல என்ன பிழை ஐயா?”

“பிழையில்லையோ? சின்னப் பிள்ளையளை இப்பிடி வாய்க்கு வந்தபடி பேசினா அதுகள் பயப்படாதோ?”

வாய்க்கு வந்தபடி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனிதருக்குப் பேசுவது என்றால் திட்டுவது. அவள் வீட்டில் அம்மா அதை ஏச்சு என்பாள். கதைப்பது, பேசுவது இரண்டும் ஒன்றுதான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தாளே! பதறிப்போய், தான் ஒருநாளும் யாரையும் திட்டியதில்லை, பிள்ளை எழுதியது கதைப்பதைத்தான் என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

தில்லைநாதனுக்கு விளங்கியதும் வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள், தப்பித்தோம் என்று.

“அட, அப்பிடியே விசயம்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆனா பாருங்கோ ரீச்சர், நான் சொல்லுறனெண்டு குறை நினைக்காதையுங்கோ. இந்தச் சொல்லே தெரியாத ஆள் என்னெண்டு பிள்ளையளுக்கு எங்கட சொல்லுப் படிப்பிக்கிறது? திங்கக்கிழமை தொடக்கம் எங்கட சுவேதினி எடுக்கட்டும். இங்கத்தைப் பிள்ளை. நீங்கள் ஆறுதலா வீட்டில இருங்கோ.”

யசோதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ‘ஆமை’ என்று கூப்பிட்டால் எப்படி வலிக்கும் என்று சுவேதினிக்குத் தெரியுமா? திருப்பிச் சொல்ல யசோதாவிடம் நூறு சொல் இருந்தது. அதில் எது இங்கே என்ன அர்த்தத்தில் போய் விழுமோ என்ற பயத்தில் ஒன்றுகூட வாயால் வரவில்லை. மோட்டார் சைக்கிள் குளத்துக்கட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

உள்ளே வந்து வெண்கட்டியை எடுத்தாள். ‘அங்கே’க்குக் கீழே ‘பேசு’, ‘இங்கே’க்குக் கீழே ‘கதை’ என்று எழுதினாள். அதற்குக் கீழே ‘திட்டு’. அதற்கு எதிரே மறுபடியும் ‘பேசு’. அழுத்திய அழுத்தில் வெண்கட்டி இரண்டாக முறிந்தது.

அனுஜா பலகையை ஒருமுறை வாசித்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

“டீச்சர், அந்த ஐயா உங்களைப் பேசினவரோ?”

“ஆமா,” என்றாள் யசோதா.