பை டூ உத்தமன்

என் தங்கை மரகதத்தின் புருஷனுக்கு உத்தமன் என்று பெயர் வைத்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருவேன். கெட்ட பழக்கம் என்று விரல் நீட்ட அந்த ஆளிடம் ஒன்றும் கிடையாது. குடி இல்லை, பீடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. வாய்தான். தின்கிற வாயும் சரி, பேசுகிற வாயும் சரி, ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

பெங்களூர் மர்பி டவுனில் அவர்கள் வீடும் என் வீடும் அடுத்தடுத்த சந்து. அவனுக்குப் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை. யூனிஃபார்ம் சட்டையில் வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் எப்போதோ தெறித்துப் போய், அந்த இடத்தை ஒரு ஊக்கு காப்பாற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கோலத்தில் கேன்டீன் வாசலில் நின்றுகொண்டு, தட்டோடு போகிற பிள்ளைகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுதுவான். வீட்டுக்கு வந்து அதை எங்களிடம் ஒப்பிப்பான்.

"ஒரு பொண்ணு, நல்லா லட்சணமான பொண்ணு, மத்தியானம் பரோட்டா எடுக்குதுக்கா. சொல்லுங்க, உடம்பு எங்க எறங்கும்? இன்னொருத்தன் எலை தழையா மேயுறான். இதுங்களுக்கெல்லாம் சாப்பிடவே தெரியல."

என் தட்டையும் விட்டுவைக்க மாட்டான். "உங்க உடம்புக்கு இந்த அப்பளம் தேவையாக்கா?" என்று கேட்டுக்கொண்டே அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வான். எனக்கு நல்லது செய்கிறானாம்! சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்றுதான் நானும் இருந்தேன். மரகதத்தின் கிட்னி இரண்டும் கைவிட்ட பிறகு சிரிப்பு வரவில்லை.

நல்லா ஓடியாடிக்கொண்டிருந்தவள். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதிலிருந்து டயாலிசிஸ்தான். வாரத்தில் பாதி அந்த மெஷினோடு போகிறது. தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நாக்கை நனைத்து நனைத்து ஓட்டுவாள். வெயில் காலத்தில் அவளைப் பார்த்துவிட்டு வந்து என்னால் ஒரு சொம்புத் தண்ணீரை நிம்மதியாகக் குடிக்க முடிந்ததில்லை. பாவி மகள், அதற்கும் ஒரு முணுமுணுப்பு கிடையாது.

மாற்றுக் கிட்னி வைத்தால் நன்றாக இருப்பாள் என்று டாக்டர் சொன்னார். சொந்தத்தில் யாராவது கொடுக்கலாம், இல்லையென்றால் பெயரைப் பதிந்துவிட்டு, இறந்து போனவர்களுடைய கிட்னி முறைப்படி வரும் வரை காத்திருக்கலாம். நான் முந்திக்கொண்டு கையை நீட்டினேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையிலேயே தள்ளிவிட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. அப்போதுதான் உத்தமன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"என்கிட்ட ரெண்டு இருக்கு டாக்டர். ஆளுக்கு ஒண்ணு. பை டூ போட்டுக்கறோம்!"

டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். பெங்களூரில் ஒரு காபியை வாங்கி இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் குடிப்பதற்குத்தான் பை டூ என்று பெயர். ஓட்டல் கல்லாவில் காசு நீட்டும்போதே சொல்லிவிடுவார்கள். மரகதம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்வானேன், அன்றைக்கு எனக்கும் அவன்மேல் மரியாதை வந்தது.

ரத்தம் பொருந்தியது. ஆனால் உடம்பு பொருந்தவில்லை. இந்த எடைக்கு ஆபரேஷன் செய்ய முடியாது, சர்க்கரையும் வாசலில் வந்து நிற்கிறது, ஆயுத பூஜைக்குள் எடை இறங்கினால்தான் கிட்னியை எடுப்போம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "எதுக்கும் அந்தப் பதிவையும் இப்பவே போட்டு வச்சிடுங்க. அதுல முன்னாடி பதிஞ்சவங்களுக்குத்தான் முன்னுரிமை" என்றும் சொன்னார். நல்லதுக்குத்தான் சொன்னார்.

உத்தமனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப என் பொண்டாட்டி செத்தவங்க கிட்னிக்கு க்யூவுல நிக்கணுமா? இந்த உடம்பை எறக்கிக் காட்டறேன் பாருங்க!" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். சந்தில் வந்தும் ஒரு வீடு பாக்கி இல்லாமல் சொன்னான். பதிவு அதோடு நின்றுபோனது. எதற்கும் பதிந்து வைக்கலாமே என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். "வேணாம்க்கா. அவர் மேல நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடும். மனசு நொந்துப்பாரு" என்றாள் மரகதம்.

உணவு ஆலோசனை சொல்வதற்கு ஆஸ்பத்திரியில் பார்கவி என்று ஒரு கன்னடப் பெண். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தாள். உத்தமன் முகத்தைச் சாமி படத்துக்கு முன்னால் நிற்பவன் மாதிரி வைத்துக்கொண்டு, "ராத்ரி ஊட்டா பிட்பிட்டே மேடம்" என்றான். ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டேன் என்கிறான். அந்தப் பெண் அசந்துபோய், அப்படியெல்லாம் அடியோடு விடக்கூடாது, லேசாக ஏதாவது சாப்பிடுங்கள் என்று கெஞ்சினாள். கெஞ்சுவதற்கு ஆள் பார்த்தாள் பாருங்கள்!

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. எங்கள் ஜனங்களுக்குச் சோறு தின்றால்தான் சாப்பாடு. சனிக்கிழமை விரதம் என்பார்கள், ஒரு பருக்கை சோறு தொட மாட்டார்கள், பத்து இட்லியை உள்ளே தள்ளிவிட்டு விரதம் காத்ததாகப் பெருமூச்சு விடுவார்கள். உத்தமனும் ராத்திரியில் சோற்றை விட்டான். அந்த இடத்தில் சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் வந்தன. அடுத்த நாள் அடை, வெண்ணெய். அதற்கடுத்த நாள் முந்திரி போட்ட சேமியா உப்புமா. டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சப்பாத்தி போட்டுக்கொண்டே இருப்பாள். இவன் குருமாவை வழித்துக்கொண்டு, "பசிக்கத்தான் செய்யுது. உனக்காக இதுகூடத் தாங்க மாட்டேனா மரகதம்?" என்பான். என் காதால் கேட்டேன். கையில் இருந்தது எத்தனையாவது சப்பாத்தி என்று அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கேழ்வரகு உடம்பை இளைக்க வைக்கும் என்று எவனோ அவனுக்குச் சொல்லிவிட்டான். உடனே மத்தியானச் சோற்றுக்கு முன்னால் இரண்டு உருண்டை களி. சோற்றுக்குப் பதிலாக இல்லை, சோற்றுக்கு முன்னால்! களி இளைக்க வைக்கிற வேலையைப் பார்க்கும், சோறு அதன் வேலையைப் பார்க்கும் என்று கணக்கு.

ஒரு நாள் காலையில் அல்சூர் மார்க்கெட்டுக்குக் கீரை வாங்கப் போனேன். வழியில் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஓட்டல் ஒன்று. வேலைக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில் நம்ம உத்தமன், மேஜைமேல் ஒரு தட்டு, இரண்டு கையிலும் இரண்டு காபி டம்ளர். தட்டில் சௌசௌபாத். அது என்னவென்றால், பாதி காராபாத் என்கிற ரவா உப்புமா, பாதி கேசரிபாத், ஒரே தட்டில். நெய் பளபளவென்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

"என்ன தம்பி, ரெண்டு கையிலயும்?"

"வாங்கக்கா. பை டூ."

"இன்னொரு ஆள் எங்க?"

"வெங்கிக்கா. என்கூட டூட்டி பார்க்கறவன். தினம் அவனும் நானும்தான் பை டூ சொல்லுவோம். இன்னிக்கு அவன் லீவு."

"லீவுன்னா ஒரு காபி வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

உத்தமன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரிக் குரலைத் தணித்தான். "முழு காபி என் டயட்டுல இல்லக்கா. பை டூதான். எது எடுத்தாலும் பாதிதான்."

"தட்டுல இருக்கறது?"

"அதுவும் பாதி, இதுவும் பாதி. முழுசா எதுவும் இல்ல பாருங்க."

மறுநாள் அதே ஓட்டலில் வெங்கியைப் பிடித்து விசாரித்ததில், பொழுதுக்கும் இதே கதை என்று தெரிந்தது. டூட்டி மாறுகிற ஒவ்வொருத்தனோடும் உத்தமனுக்கு ஒரு பை டூ. அவர்களுக்கெல்லாம் நாளைக்கு ஒரு தடவை, அரை டம்ளர். இவனுக்கு வருகிறவன் போகிறவன் எல்லாரோடும், கூடவே பை டூ போண்டா, பை டூ மசால் தோசை. பாதி என்று பெயர் வைத்துவிட்டால் அது வயிற்றுக்குள் போகும் வழியிலேயே ஆவியாகிவிடும் என்று அந்த மகானுபாவன் நம்பிக்கொண்டிருந்தான்.

நேராக மரகதத்திடம் போய்க் கொட்டினேன். அவள் டம்ளரில் பாக்கியிருந்த ஒரு வாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "போக்கா. காபி பாதி குடிச்சாத்தான் என்ன இப்போ? ராத்திரி ஒரு பருக்கை சோறு தொடறதில்ல மனுஷன். கண்ணு வைக்காதே" என்றாள். இதற்கு மேல் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் கொடுத்த பொரி, கடலை, சுண்டல், லட்டு எல்லாவற்றையும் மற்றவர்கள் வீட்டுக்குக் கொண்டு போனார்கள். உத்தமன் வயிற்றில் கொண்டு வந்தான். பூஜை முடிந்த வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நானும் கூட இருந்தேன். செருப்பைக் கழற்றினான், பெல்ட்டைக் கழற்றினான், சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து மரகதம் கையில் கொடுத்தான். மெஷின்மேல் ஏறி மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டான். எடை இறங்கவில்லை என்பது மட்டுமில்லை, ஏறியிருந்தது. வாசலில் நின்றுகொண்டிருந்த சர்க்கரையும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

பார்கவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தத் தடவை சாப்பாடு என்ற வார்த்தையை விட்டுவிட்டு, வாயில் போட்டது அத்தனையும் சொல்லுங்கள் என்றாள். அவன் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் பேனா நின்றுபோனது. நடுவில் இவன், "எல்லாம் பை டூ மேடம்" என்று மூன்று முறை நினைவுபடுத்தினான். டாக்டர் நீட்டி முழக்கவில்லை. "சாரிம்மா. இவர் குடுக்கறதை நாங்க இனி யோசிக்க முடியாது. வேற வழி பாருங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரி தாங்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மரகதம் அவன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை.

"ஏங்க, ஆபரேஷனுக்குப் பயமா இருந்துச்சா? இருந்தா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். கத்தி வைக்கறதுன்னா யாருக்கும் பயம்தான்."

பாருங்கள் அவளை! தப்பித்துப் போக அவனுக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான்கூட மன்னித்திருப்பேன். பயந்தவனை மன்னிக்கலாம். உத்தமன் வெகுநேரம் யோசித்தான். அவன் வாழ்நாளிலேயே அவ்வளவு நேரம் வாய் மூடியிருந்தது அன்றைக்குத்தான்.

"பயம் இல்ல மரகதம். சத்தியமா குடுக்கணும்னுதான் இருந்தேன். ஆனா தின்னதே எனக்குத் தெரியல."

மரகதம் தலையை ஆட்டினாள். அழவில்லை. அவன் போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். "வாக்கா, அந்தப் பதிவைப் போட்டுடலாம்" என்றாள்.

கீழ்த்தளத்தில் கவுன்டர். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி கம்ப்யூட்டரில் விவரங்களைத் தட்டிக்கொண்டே வந்தாள். பெயர், வயது, ரத்தப் பிரிவு. டயாலிசிஸ் தொடங்கிய தேதி வந்ததும் கை நின்றது.

"இவ்ளோ மாசமா டயாலிசிஸ்ல இருக்கீங்களேம்மா. அப்பவே பதிஞ்சிருந்தா எவ்ளோ முன்னாடி இருந்திருப்பீங்க! ஏன் இப்ப வர்றீங்க?"

மரகதத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. "எங்க வீட்டுக்காரர் இளைக்கட்டும்னு காத்திருந்தோம்மா" என்றாள்.

அந்தப் பெண் தலையைத் தூக்கி எங்களுக்குப் பின்னால் நின்ற உத்தமனைப் பார்த்தாள். மறுபடி மரகதத்தைப் பார்த்தாள். பதிவுத் தேதி என்ற இடத்தில் அன்றைய தேதியைத் தட்டினாள்.