எண்பத்து மூன்று புள்ளி நான்கு

இது நடந்தது. தெசங்கா எதையும் கூட்டிச் சொல்கிறவள் அல்ல. மேசையில் இருந்த ஒரு திருகாணி காணாமல் போனால்கூட, "எங்கேயோ வைத்தேன்" என்று அவள் சொன்னதில்லை. "ஆறு நாற்பதுக்கு ஜன்னல் பக்கம் இருந்தது" என்பாள். இதில் வரும் மணிக்கணக்கு எல்லாம் அவள் வாயிலிருந்து வந்ததுதான். பயமாக இருந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள், செல்லங்களே. அணைக்க மட்டும் வேண்டாம். ஏன் என்று பிறகு தெரியும்.

அப்போது அவளுக்கு அறுபத்து மூன்று வயது. பெல்கிரேடுக்குத் தெற்கே மொராவா ஆற்றுப் பக்கம், ஊர்க்கோடியில், ஜெர்மனியில் உழைத்துக் கட்டிய வீடு. பதினோரு அறைகள், இருப்பவள் ஒருத்தி. மகன் நெனாத் மியூனிக்கில். அவன் ஞாயிறன்று போனில் பேசினால், அந்த வாரம் அவள் இன்னொரு மனிதக்குரல் கேட்டாள் என்று அர்த்தம்.

சின்ன வயதில் ஏழு வருடம் மியூனிக்கில், காருக்கு மீட்டர் செய்யும் தொழிற்சாலையில் முள் பொருத்தும் வேலை செய்தவள். அந்தக் கைத்திறன் போகவில்லை. பழைய கார் வைத்திருக்கிற பித்தர்கள் டேஷ்போர்டு மீட்டரைக் கழற்றி அவளிடம் கொண்டுவருவார்கள். சமையலறை மேசைமேல் பழைய துண்டை விரித்து, இரண்டு டீஸ்பூனால் முள்ளை நெம்பி எடுப்பாள். முகப்பை மாற்றுவாள், எண்களைப் புதிதாக ஒட்டுவாள், பல்புக்குச் சாயம் பூசுவாள்.

அந்த நவம்பரில் ஒரு மீட்டரோடு வந்தவன் ஜிகா. ஊரில் முடிவெட்டுகிறவன்.

"அத்தை, இது என் ராஜாத்தியோட மூஞ்சி. பாத்துச் செய்யுங்க."

"மூஞ்சியாடா இது? அம்மை போட்ட மாதிரி இருக்கு."

"அதான் உங்ககிட்ட வந்தேன். கறுப்பு வேணாம், பாலாடை நிறம். முள்ளு ஆரஞ்சு. உள்ள பச்சை வெளிச்சம். ஓடின கிலோமீட்டர் எல்லாத்தையும் பூஜ்யமாக்கிடுங்க."

"ஓடினதை எதுக்குடா அழிக்கிறே?"

"புது மூஞ்சிக்குப் பழைய வயசு எதுக்கு அத்தை? நீங்க தலைக்குச் சாயம் பூச வந்தா நான் ஏன்னு கேக்குறேனா?"

அவள் சிரித்தாள். மீட்டரை விளக்கடியில் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பழைய ஓப்பல் காரின் மீட்டர். அவள் கணவன் திஹோமிர் ஓட்டியதும் அதே வகை ஓப்பல்தான்.

திஹோமிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகன் பிறந்ததும் தெசங்கா ஊருக்குத் திரும்பிவிட்டாள். அவர் மியூனிக்கிலேயே உழைத்தார். லீவு கிடைத்தால் காரில் கிளம்பி வருவார். கிளம்பும்போது, ஒரு பயணத்தின் தூரத்தை மட்டும் காட்டும் ட்ரிப் மீட்டரின் குமிழை அழுத்திப் பூஜ்யமாக்குவார். ஆயிரம் கிலோமீட்டரில் அது ஒருமுறை சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். வீட்டு கேட்டில் நிற்கும்போது எப்போதும் ஒரே எண். "எண்பத்து மூணு புள்ளி நாலு! ஒரு அடி மாறல, பாத்தியா தெசா?" என்று காரிலிருந்தே கத்துவார்.

1983 நவம்பரில் அவர் காணாமல் போனார். மியூனிக்கில் விசாரித்தார்கள். இருபதாம் தேதி விடியற்காலையில் காரில் கிளம்பியிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவுதான். காரும் இல்லை, ஆளும் இல்லை. ஊர் ஒரு கதை கட்டியது. ஆஸ்திரியாவில் வில்லாக் ஊரில், விடுதி நடத்தும் ஒரு பொன்முடிக்காரி இருந்தாளாம். அங்கே வண்டியைத் திருப்பிவிட்டானாம். முப்பத்து நான்கு வருடம் தெசங்கா இதைக் காதால் கேட்டுத் தாங்கினாள். எனக்காகக் கிளம்பினாரா, அவளுக்காகக் கிளம்பினாரா? இந்த ஒரு கேள்வியோடு தூங்கி, இதோடு எழுந்தாள்.

நவம்பர் பத்தொன்பது மாலை வேலை முடிந்தது. முகப்பு புதிது, முள் ஆரஞ்சு. பெரிய எண்களும் ட்ரிப் மீட்டரும் பூஜ்யம். வேகமுள்ளைச் சுழற்றும் கேபிள் ஜிகாவின் காரிலேயே இருக்கிறது. மீட்டரின் பின்னால் வெறும் சதுர ஓட்டை. ஒயர் ஒன்றுகூட இல்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலை ஆறு இருபது. காப்பி வைக்க வந்தாள்.

டிக்...

பத்தில் ஒரு கிலோமீட்டரைக் காட்டும் கடைசி உருளை புரளும் சத்தம். ஏழு வருடம் கேட்ட சத்தம், தவறாக இருக்காது. விளக்கைப் போட்டாள்.

வேகமுள் எழுபதில் நின்றது. ட்ரிப் மீட்டரில் 289.

முதலில் ஏதோ ஸ்பிரிங் என்று நினைத்தாள். தூக்கிப் புரட்டினாள். சதுர ஓட்டை காலியாகத்தான் இருந்தது. துணியில் சுற்றி ரொட்டிப் பெட்டியில் வைத்தாள். உள்ளிருந்து டிக்... டிக்... மறுபடி எடுத்து மேசையில் வைத்தாள். மறுநாள் ஸ்லாவா, குடும்பத்துப் புனிதரின் திருநாள். கோதுமை வேகவைக்கவேண்டும், ரொட்டி சுடவேண்டும். மாவைப் பிசைந்தாள். கண் மட்டும் மீட்டரில் இருந்தது.

ஏழு ஐந்து. முள் மெல்ல இறங்கிப் பூஜ்யத்தில் படுத்தது. ட்ரிப் மீட்டரில் 331.

மாவு கையோடு நின்றுவிட்டாள். அந்தச் சாலை அவளுக்கு மனப்பாடம். நூற்று நாற்பத்தைந்தில் சால்ஸ்பர்க். முந்நூற்று முப்பத்தொன்றில்... வில்லாக்.

உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து நிமிடம். பத்து. இருபது. "போ," என்றாள் மீட்டரிடம். "போயேன் திஹோ..."

ஏழு முப்பது. காலியில் கிடந்த பெட்ரோல் முள் நடுங்கியது. எழுந்தது. நிறைவு என்ற கோட்டில் போய் நின்றது.

பெட்ரோல் போடத்தான் நின்றிருக்கிறார். பெட்ரோல் போட மட்டும்தான்!

வேகமுள் எழுந்தது. டிக். அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பயம் அப்போது இல்லையாம். "முப்பத்து நாலு வருஷத்துக்கு அப்புறம் சமையல்கட்டுல எனக்குத் துணை இருந்துச்சு" என்றாள் என்னிடம்.

எட்டு பத்து. மலை ஏற்றத்தில் முள் இருபதைத் தாண்டவில்லை. பிறகு எல்லை. நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது... ஒன்றரை மணிநேரம். யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்தபோது அங்கே அப்படித்தான் காத்துக் கிடப்போம்.

மதியம் ஒன்று இருபதுக்கு நெனாத் போன் செய்தான். எண் 570. ஸாக்ரெப்.

"அம்மா, நாளைக்கு வரமுடியல. வேலை."

"சரி. வில்லாக்லேர்ந்து இப்பவும் மலைமேல ஏறித்தான் எல்லைக்கு வரணுமா?"

"அந்தப் பழைய வழியா? இப்ப சுரங்கப்பாதை இருக்கும்மா, யாரு மலையேறுறா! ஏன் கேக்கறே?"

"ஒருத்தர் அந்த வழியா வந்துட்டு இருக்காரு."

"யாரு?" கொஞ்சம் நிறுத்தினான். "அம்மா... நீ சாப்பிட்டியா?"

"ரொட்டி கருகுது, வைக்கிறேன்."

நான்கரைக்கு இருட்டிவிட்டது. மழை பிடித்தது. கோஷாவா காற்று ஜன்னலை அறையத் தொடங்கியது. ஆறே கால், 948. பெல்கிரேடு. ஏழு மணிக்கு 999.9. எல்லா உருளைகளும் ஒன்றாகப் புரண்டன.

000.0.

அந்த நேரத்தில், ஒயரில்லாத அந்த மீட்டருக்குள் பச்சை வெளிச்சம் வந்தது.

இனிமேல் ஒரு மணிநேரம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வருவது யார்? வாசலில் நிற்கும்போது அவர் எப்படி இருப்பார்? திஹோமிருக்கு முப்பத்து மூன்று வயதா, அறுபத்து ஏழா? இல்லை... வயதே இல்லாத ஏதோ ஒன்றா? எழுந்துபோய் கேட்டைப் பூட்டினாள். தினமும் பூட்டுவதுதான். ஆனால் அன்று இருமுறை இழுத்துப் பார்த்தாள்.

எட்டு ஐந்து. முள் நாற்பதிலிருந்து திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது.

081.6.

இன்னும் ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டர் பாக்கி. அங்கே என்ன இருக்கிறது? ஜல்லி தோண்டிய பழைய பள்ளம். பக்கத்தில் சேற்றுச் சாலை. வேறொன்றுமில்லை.

பத்து நிமிடம் ஒன்றுமில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

எட்டு பதினெட்டு.

டிக்.

081.7. வேகமுள் பூஜ்யத்திலிருந்து ஒரு மயிரிழைதான் எழுந்திருந்தது. அந்த வேகத்தில் எந்தக் காரும் ஓடாது.

அது நடை.

081.8... 081.9...

சேற்றில் சிக்கிய வண்டியை விட்டு இறங்கி, மழையில் நடந்து வருகிறார்.

082.7. பால் பண்ணை வளைவு.

083.1. சிலுவைக் கம்பம்.

083.3.

எட்டு நாற்பத்தேழு. டிக்.

083.4.

வெளியே இரும்பு கேட் குலுங்கியது.

ஒருமுறை... இரண்டு... மூன்று...

தெசங்காவின் கை சுவரில் ஊர்ந்தது. சுவிட்சைத் தொட்டது. அணைத்தது.

இருட்டு. பச்சை வெளிச்சம் மட்டும்.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றபோது அவளுக்கு நினைவு வந்தது. கைக்கு அது அவளுக்கு முன்பே நினைவிருந்திருக்கிறது. அந்தக் கை இதை முன்பும் ஒருமுறை செய்திருக்கிறது.

1983. ஸ்லாவாவுக்கு முந்தின இரவு. இதே காற்று, இதே மழை. ஜெர்மனிப் பணம் இருக்கிற வீடுகளில் திருடர்கள் புகுந்துகொண்டிருந்த காலம். குழந்தை தூங்கியிருந்தான். முற்றத்துக்கு அப்பால் கேட் குலுங்கியது. யாரோ கத்துவதுபோலவும் இருந்தது, காற்றுபோலவும் இருந்தது. வரப்போவதாக யாரும் சொல்லவில்லையே. அவள் விளக்கை அணைத்துவிட்டு, குழந்தையைக் கட்டிக்கொண்டு படுத்தாள். காலையில் மறந்துவிட்டாள். போலீஸ் கேட்டபோதுகூட அவளுக்கு அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

விளக்கு அணைவதை அவர் கேட்டிலிருந்து பார்த்திருப்பாரா?

எட்டு ஐம்பத்தெட்டு.

டிக்.

083.5.

போகிறார்.

"திஹோ!" விளக்கைப் போட்டாள். சாவியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு முற்றத்தில் ஓடினாள். பூட்டைத் திறந்தாள். "திஹோ, நான்தான்! திறந்துட்டேன், வாங்க!"

சாலையில் யாருமில்லை. மழை மட்டும். கேட்டின் குறுக்குக் கம்பி முழுக்க நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு இடம் மட்டும்... உள்ளங்கை அகலத்துக்கு... உலர்ந்து கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலும் தூறல் விழுந்து மறைந்தது.

இருட்டில் ஜல்லிப் பள்ளம் வரை ஓடியிருக்கலாம். துணிச்சல் வரவில்லை. உள்ளே வந்து மீட்டரின் முன் உட்கார்ந்தாள். ஒன்பது இருபத்தெட்டுக்குக் கடைசி டிக்.

085.2. பச்சை வெளிச்சம் அணைந்தது. அதற்குப் பிறகு அது வெறும் மீட்டர்தான்.

மறுநாள் ஜிகா வந்தான். மெழுகுவர்த்திக்கு முன் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு கரண்டி கோதுமை சாப்பிட்டு, மீட்டரைத் தூக்கிப் பார்த்தான்.

"அத்தை, பூஜ்யம் கேட்டேனே. எண்பத்தஞ்சு புள்ளி ரெண்டு காட்டுதே? ராத்திரியில எடுத்துட்டு ஊர் சுத்தினீங்களா?"

"அது அப்படியே இருக்கட்டும் ஜிகா. குமிழைத் தொடாதே."

அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு எடுத்துப்போனான்.

அவள் நடந்ததைச் சொன்னபோது நானே அரைமனதாகத்தான் கேட்டேன். அடுத்த ஆகஸ்டில் நம்பவேண்டியதாயிற்று. அவ்வளவு வறட்சி. ஜல்லிப் பள்ளத்துத் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கியது. ஒரு நாள் காலை, சேற்றுக்கு மேலே ஒரு காரின் கூரை தெரிந்தது. கரை இடிந்து, நின்ற நிலையிலேயே உள்ளே சரிந்திருந்த கார். மியூனிக் நம்பர் தகடு.

இழுத்து மேலே போட்டார்கள். நெனாத் வந்திருந்தான். ஜிகாதான் மீட்டர் கண்ணாடியில் இருந்த சேற்றைத் துடைத்தான். ட்ரிப் மீட்டர் தெளிவாகத் தெரிந்தது.

081.6.

ஓட்டுநர் இருக்கையில் யாருமில்லை. அவர் பின் இருக்கையில் இருந்தார், எலும்பாக. கால்களை மடக்கி, கோட்டைப் போர்த்திப் படுத்திருந்தார். காலணிகள் முன்னால், தரையில், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

எங்கள் பக்கம் ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. அன்று விடிந்ததும் எந்த வீட்டிலும் கேட்டைப் பூட்டிவைக்க மாட்டார்கள், யார் வந்தாலும் உள்ளே போகலாம். அது திஹோமிருக்கும் தெரியும்.

விடியட்டும் என்று படுத்திருக்கிறார்.