எங்கள் தோட்டத்து ஆதிமனிதன்

1995 மே மாதம். தேதியையும் எழுதிவிட ஆசைதான். முழுப் பரீட்சை விடுமுறை என்பதைத் தவிர வேறெதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கிணற்றிலிருந்து புதுத் தென்னங்கன்றுகளுக்குப் பைப்பு பதிக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றடி ஆழத்தில் கடப்பாரை ஓர் எலும்புத் துண்டைத் தட்டியது. அதில் பழுப்பேறிய இரண்டு பற்கள்.

பத்து வயதான எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் படித்த மாமா, அம்மாவின் தம்பி, முந்தின மாதம்தான் ஆதிமனிதனைத் தேடுகிறவர்களைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஆப்பிரிக்க வெயிலில் மண்டியிட்டு பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளுவார்களாம். ஒரு பல் கிடைத்தாலே பெரிதாம். ஆழம் கூடக்கூட வயதும் கூடுமாம். அடிக்கு ஒரு லட்சம் வருடம் என்று நானே வைத்துக்கொண்டு, எங்கள் மனிதனுக்கு மூன்று லட்சம் வயது என்று முடிவு செய்தேன்.

குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். “ஞாயித்துக்கெழம மாமா வந்து பாக்கற வரைக்கும் யாரும் வெட்டக் கூடாதுங்கப்பா.”

அப்பா குனிந்து பல்லைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆட்களிடம், “இன்னைக்குப் போதுமுங்க. ஞாயித்துக்கெழமைக்கு அப்பறம் பாத்துக்கலாம்” என்றார்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. “ஏனுங்க, கன்னெல்லாம் காஞ்சு நிக்குது. உங்க மகளோட முப்பாட்டன் எந்திரிச்சு வந்து தண்ணி ஊத்துவாருங்களா?”

அப்பாதான் ஊற்றினார். ஞாயிறு வரை காலையும் மாலையும் குடத்தில் சுமந்தார். மண்ணைத் தள்ள அவருடைய சவரப் பிரஷ்ஷைக் கேட்டேன். கொடுத்துவிட்டுத் தாடியோடு திரிந்தார்.

ஞாயிறன்று மாமா வந்தார். சிரிக்கவில்லை.

“அம்மணி, உன் கடவாய்ப் பல்ல நாக்குல தடவிப் பாரு. குட்டையாத்தான இருக்குது? இது விரல் நீளம். மேல பிறை பிறையா கோடு. என்ன தின்ன பல்லுன்னு நெனைக்கற?”

தடவினேன். பார்த்தேன். “புல்லுங்க.”

“மாடுதான். அங்க தேடறவங்களுக்கும் பாதி நாளு மாடும் மானுந்தான் கெடைக்குமாம். நீயே பாத்துச் சொன்ன பாரு, அது போதும்.”

அப்பா அந்தத் துண்டை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்து, ஆட்களைக் கூப்பிடாமல் தானே மண் தள்ளி மூடினார். பைப்பை அந்த இடத்தைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோகச் சொன்னார். என் ஆராய்ச்சிக்குக் கிடைத்த மரியாதை என்று எனக்குப் பெருமை.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். அது அப்பா கன்றிலிருந்து வளர்த்த மயிலைக் காளை. நான் பிறப்பதற்கு முந்தின வருடம், 1984இல், அங்கே புதைத்தது. புதைத்த இடம் இன்னும் தள்ளி வேலியோரமாக இருக்கிறது என்று நினைத்து அப்பா அங்கே குழி வெட்டச் சொல்லியிருக்கிறார். “பல்லப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு உங்கப்பாவுக்கு. அது செத்தப்ப மூணு நாளு சோறு உங்கல அந்த மனுசன்.”

ஒரே வார்த்தையில் என் ஆதிமனிதனை அப்பா மாடாக்கியிருக்கலாம். செய்யவில்லை. ஒவ்வொரு வேளையும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குழியோரம் வந்து, நான் அந்த எலும்பைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் ஆராய்ச்சியில் ஆசை வந்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.