பாறை ஏறின நண்டும் நான் வெட்டின ஐந்து வரியும்

1. சனிக்கிழமை வந்த ஆள்

கேரள எல்லையில் பாறசாலையில் ஒரு சின்ன பிரஸ்ஸில் இருபத்தேழு வருஷம் டிடிபி ஆபரேட்டராக இருந்தேன். கல்யாண நோட்டீஸ், உற்சவ நோட்டீஸ், சபைத் திருநாள் மலர், பில் புக் என்று மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி அடித்துத் தள்ளியிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எழுத்துப்பிழைக்குத்தான் பயப்படுகிறார்கள். மணமகன் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால் திட்டு கிடைக்கும், திரும்ப அடித்துக் கொடுத்தால் தீர்ந்தது. என்னைப் பயப்பட வைத்தது பிழையே இல்லாத ஒரு அரைப் பக்கம்.

அந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து கவுண்டரில் விரித்தார். நாங்கள் மாதாமாதம் அடித்துக் கொடுக்கும் சபைப் பத்திரிகையின் ஏழாம் பக்கத்து ஜெராக்ஸ். அதில் ஒரு குட்டிக்கதையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

"இதை எழுதின ஆளை எனக்கு ஒண்ணு பாக்கணும். எனக்க தங்கச்சி சர்க்கார் ஜோலியை விட்டுட்டா. இதைப் படிச்சிட்டாக்கும்."

எங்கள் முதலாளி சுகுமாரன் பழுத்த ஆள். பதற்றமே இல்லாமல், மேட்டர் எல்லாம் சபைக் கமிட்டியில் இருந்து வருவது, அடித்துக் கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை என்று சொன்னார். அது பொய். அந்தக் கதையை எழுதியவள் நான். என்னைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். 

எங்கள் பக்கத்தில் ஒருத்தர் சர்க்கார் வேலையை விடுவது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். அந்த வேலைக்காக முப்பத்தைந்து வயது வரை பரீட்சை எழுதிக்கொண்டே இருப்பவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அதை ஒரு பெண் விட்டிருக்கிறாள், அதுவும் நான் எழுதிய ஒரு நண்டுக் கதையைப் படித்துவிட்டு.

வந்தவர் பெயர் ஜஸ்டின். குன்னத்துகாலில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். தங்கை மெர்சி, ஒற்றசேகரமங்கலத்தில் இருக்கிறாள். அவளுடைய கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு வேலை என்ற வகையில் அவளுக்கு ஓர் ஆபீஸில் அட்டெண்டர் வேலை கிடைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் நாலு தேனீப்பெட்டி வைத்திருக்கிறாள். இப்போது நாற்பது பெட்டி வைத்துத் தேன் தொழிலே செய்யப்போகிறாளாம். வியாழக்கிழமை ராஜினாமா லெட்டர் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை அது மேலே போகும். அதற்குள் திரும்ப வாங்கினால் வேலை இருக்கும், இல்லையென்றால் போனது போனதுதான். இதையெல்லாம் ஜஸ்டின் ஒரே மூச்சில் சொன்னார். 

"மச்சானுக்க உயிருக்குக் கெடச்ச ஜோலியாக்கும் அது" என்றார் கடைசியில்.

அதைக் கேட்டபின் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எழுந்து நின்று, அதை எழுதினது நான்தான் என்று சொன்னேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஜஸ்டின் என்னை மேலும் கீழும் பார்த்தார். யாரோ பெரிய உபதேசியார் எழுதியது என்று நினைத்து வந்திருப்பார் போல. மூக்குக்கண்ணாடியும் சால்வையுமாக நின்ற என்னைப் பார்த்ததும் அவருக்குச் சண்டை போடவும் வரவில்லை.

2. ஏழாம் பக்கத்தில் நடந்தது

பேஜ் செட்டிங் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பத்திரிகை எட்டுப் பக்கம் என்றால் எட்டையும் நிரப்பியே ஆக வேண்டும். மேட்டர் எப்போதும் கொஞ்சம் குறையும். கமிட்டிச் செயலாளருக்கு போன் போட்டால், "லீலா, அங்க எதையாவது போட்டு நெறச்சிரு" என்பார். பில்லர் என்று நாங்கள் சொல்லும் அந்த எதையாவது எழுதுவது பல வருஷமாக என் வேலை. ஆடு, அணில், கொக்கு என்று ஏதாவது ஒன்றை வைத்துப் பத்து நிமிஷத்தில் ஒரு கதை அடித்துவிடுவேன். பக்கத்தில் வைத்த சாயா ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அந்த மாதம் எழுதியது இதுதான். வயலில் வளை தோண்டி வாழ்ந்த நண்டு ஒன்று. பக்கத்துப் பாறையின் மேல் ஏறினால் கடல் தெரியும் என்று ஒரு கொக்கு அதனிடம் சொன்னது. மற்ற நண்டுகள் சிரித்தன. நேராக நடக்கவே தெரியாத நீ பாறை ஏறப்போகிறாயா என்று கேட்டன. பக்கவாட்டில் நடந்தாலும் மேலே போகலாம் என்று சொல்லிவிட்டு நண்டு கிளம்பியது. ஒன்பது நாள் ஏறியது. பத்தாம் நாள் காலையில் உச்சியில் நின்றது. தூரத்தில் கடல் தெரிந்தது.

பத்திரிகையில் கதை இத்தோடு முடிந்துவிட்டது. நான் எழுதியதில் இன்னும் ஐந்து வரி உண்டு. வெயில் ஏறுகிறது, ஓடு காய்கிறது, நண்டு தட்டுத்தடுமாறி இறங்கித் தன் வளைக்கே வந்து சேர்கிறது. கடல் அழகுதான், ஆனால் நமக்கு இந்த வளையே போதும் என்று மற்ற நண்டுகளிடம் சொல்கிறது. ஆசைப்படாமல் இருக்கிற இடத்தில் இரு என்பதற்காக எழுதிய கதை அது.

அச்சுப் பிளேட் போடப் போகிற நேரத்தில் ஒரு குடும்பத்தார் நினைவஞ்சலி விளம்பரம் கொண்டு வந்தார்கள். சின்ன போட்டோவோடு ஓர் அங்குல உயரம் இடம் வேண்டும். வேத வசனத்தை வெட்ட முடியாது, ஜெபக்கூட்ட அறிவிப்பை வெட்ட முடியாது. பில்லரைத்தான் வெட்டுவோம், அதுவும் அடியிலிருந்து. ஐந்து வரி போனது. கதை முடிந்த மாதிரிதானே இருக்கிறது என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பினேன். யார் படிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு.

கம்ப்யூட்டரில் பழைய ஃபைல் இருந்தது. திறந்து அந்த ஐந்து வரியை ஜஸ்டினிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். முகம் தெளிந்தது. "இது போதும். இதை நீங்களே வந்து அவகிட்ட காட்டணும்" என்றார். எனக்கும் உயிர் வந்தது. ஒரு பிரிண்ட் எடுத்து கவரில் போட்டேன்.

3. ஞாயிற்றுக்கிழமை

ஆராதனை முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜஸ்டின் ஆட்டோவில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் ரப்பர் இலை உதிர்க்கத் தொடங்கியிருந்தது. இன்னும் சில வாரத்தில் தளிர் விடும், தளிர்க் காம்பில் தேன் ஊறும், அந்த இரண்டு மூன்று மாதம்தான் தேன்காரர்களுக்கு சீசன். அதற்குள் பெட்டிகளைத் தோட்டங்களில் கொண்டுபோய் வைத்துக் கூடவே நிற்க வேண்டும். ஆபீஸுக்குப் போய்க்கொண்டு அது நடக்காது. அவ்வளவு நாள் லீவு கேட்டும் கொடுக்கவில்லையாம். அதனால்தான் இந்த அவசரம் என்று ஜஸ்டினே சொல்லிவிட்டு, தேனீக்களைத் திட்டினார்.

மெர்சி முகத்துக்கு வலை எதுவும் போடாமல் ஒரு பெட்டியைத் திறந்து வைத்து நின்றாள். நான் பத்தடி தூரத்திலேயே நின்றுகொண்டேன். கதை எழுதினது நான் என்று தெரிந்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். எனக்கு அந்த நிமிஷம் எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. பின்வாசல் வழியாகத் தெரிந்த அலமாரிக் கதவைக் காட்டினாள். ஏழாம் பக்கத்தைக் கத்தரித்து அதில் ஒட்டியிருந்தாள்.

கதை முழுசாக அச்சாகவில்லை என்று சொல்லி கவரைக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் இடம் நிரப்ப எழுதியது, அதை நம்பி வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றும் சொன்னேன்.

"பத்து நிமிசத்துல எழுதினா என்னக்கா. நான் பதினஞ்சு நாளா வாசிக்கேன்" என்றாள்.

பிறகு நின்றுகொண்டே அந்த ஐந்து வரியை வாசித்தாள். ஜஸ்டின் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவள் வாசித்து முடித்ததும், கண்டாயா, நண்டு வளைக்கே வந்துவிட்டது, நாளைக்குப் போய் லெட்டரைத் திருப்பி வாங்கு மக்கா என்று அவர் கெஞ்சினார்.

மெர்சி என்னிடம் திரும்பினாள். "அக்கா, இது அண்ணன் சொல்லி இப்பம் எழுதினதா, அப்பமே எழுதினதா?"

அப்போதே எழுதியதுதான் என்றேன்.

"நண்டு உச்சியில ஏறி கடலைப் பாத்துட்டுதானே எறங்கிச்சு?"

"ஆமா."

"உயிரோட வந்து சேந்துது, இல்லியா?"

"ஆமா மக்கா."

அவள் காலியாக இருந்த ஒரு பெட்டி ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"லெட்டர் குடுத்த நாள்லேருந்து எனக்கு ஒறக்கம் இல்லக்கா. ஏறிப் போனா பின்ன எறங்கி வர ஒரு வழியும் இல்லியோண்ணு ஒரே பயமும் பேடியும். நீங்க கதையை உச்சியிலே நிறுத்திட்டிய. கீழ வந்தும் ஜீவிக்கலாம்ணு நீங்களே எழுதி வச்சிருக்கிய. இது போதும் எனக்கு."

 அவளை இறக்கிவிடுவதற்காக எடுத்துப்போன தாள் அவளுக்கு இருந்த கடைசிப் பயத்தையும் எடுத்துவிட்டது. ஜஸ்டின் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. மச்சான் உயிருக்குக் கிடைத்த வேலை என்று அவர் மறுபடி சொன்னபோது, மெர்சி குரலை உயர்த்தாமல் பதில் சொன்னாள்.

"அது அவருக்க ஜோலிதாண்ணே. பன்னெண்டு வருசம் அவருக்க எடத்துல நான் இருந்தேன். போதும்."

திரும்பி வரும்போது ஜஸ்டின் ஆட்டோவில் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

4. அதற்குப் பிறகு

திங்கட்கிழமை லெட்டர் மேலே போய்விட்டது. நான் மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த மார்ச்சில் அகால மழை பெய்து தளிர்த் தேனைக் கழுவிக்கொண்டு போனது. ஏழெட்டுப் பெட்டி நோய் வந்து காலியானது. செய்தி கேட்ட அன்று நான் பிரஸ்ஸின் பின்பக்கம் போய் நின்று அழுதேன். முதலாளி ஒரு சாயா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நீ எழுதின கதையை நீயே முதலில் படி என்று கிண்டல் செய்தார்.

மெர்சி மழைக்காலம் முழுக்கத் தேனீக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றினாள். இப்போது நடப்பது மூன்றாவது சீசன். நாற்பது என்றவள் முப்பத்தொரு பெட்டியில் நிற்கிறாள். ஆபீஸ் சம்பளத்தின் அளவுக்கு இன்னும் வரவில்லை, அதை அவளே மறைக்காமல் சொல்வாள். பெட்டிகளைத் தோட்டத்துக்குச் சுமந்துகொண்டு போவது ஜஸ்டின்தான். என்னிடம் மட்டும் இன்றுவரை பேசுவதில்லை.

மெர்சியைப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து என் பழைய பில்லர்களை உட்கார்ந்து வாசித்தேன்.  ஆடு தொழுவத்துக்குத் திரும்பி வந்தது. அணில் பழைய மரத்துக்கே வந்தது. பட்டம் கயிற்றுக்கு நன்றி சொன்னது. கிளம்பின ஒன்றையும் நான் வெளியே விட்டுவைக்கவில்லை. முப்பத்துநாலு வயதில் திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகை ஆபீஸில் பக்க வடிவமைப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பஸ் தூரம் என்று சொல்லி மறுத்தேன். தூரம் ஒரு காரணமே இல்லை. எனக்குப் பயம். அந்தப் பயத்தைத்தான் மாதாமாதம் ஆட்டின் தலையிலும் நண்டின் தலையிலும் ஏற்றி அச்சடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு நானே அவ்வளவு வருஷமும் செய்துகொண்டது இது என்று தெரிந்தபோது வந்த அதிர்ச்சி ஜஸ்டின் வந்த அன்றைக்கு வந்ததைவிடப் பெரிது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இடம் நிரப்ப எழுதுகிற ஐந்து வரியையும் யாரோ ஒருத்தர் அலமாரியில் ஒட்டி வைப்பார் என்று நினைத்து எழுதுங்கள். வெட்டினால், வெட்டிய பிறகு முழுவதையும் ஒரு தடவை வாசியுங்கள். அதை வாசிக்கிறவர் எதற்குப் பயந்துகொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

போன மாதம் வேலையிலிருந்து நின்றேன். ஐம்பத்தெட்டு வயதாகிறது. பில்லருக்குப் பெயர் போடும் வழக்கம் கிடையாது என்பதால் என் பெயர் அச்சில் வந்ததே இல்லை. இந்தக் குறிப்பை எழுதி, மேலே லீலா என்று அடித்து, திருவனந்தபுரத்தில் அன்று என்னைக் கூப்பிட்ட அதே ஆபீஸின் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.  போடுவார்களா என்று தெரியாது.