புதருக்குக் கிழக்கே நின்றவர்

குற்றச்சாட்டு: மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, ஊமைக்காடை வாழும் முட்புதரின் கிழக்குப் பக்கம் நின்றுகொண்டு, மேற்குப் பக்கம் நின்ற என்னோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்பறவையின் குரலில் பேசியவர் என் தங்கையின் கணவர். இதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால், ஆள் வைத்துப் பறவைபோல் கூவச் செய்தேன் என்ற பழி என்மேல் நிற்கிறது. சட்டையில் குத்திக்கொள்ளும் என் வழிகாட்டி வில்லை, வழிகாட்டிகள் சங்கச் செயலாளரின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதைத் திருப்பித் தருவதா, ரத்து செய்வதா என்று நிர்வாகக் குழு இம்மாதம் முப்பதாம் தேதி முடிவு செய்யும்.

நம் செய்திமடலில் மாதந்தோறும் ஓர் உறுப்பினரின் வாழ்க்கைக் குறிப்பை மற்றோர் உறுப்பினர் எழுதுவது வழக்கம். இம்மாதம் என் முறை. யாரைப் பற்றி எழுதக் கூடாது என்று விதிமுறையில் ஒன்றும் இல்லை. விதிமுறையின் நகல் என்னிடம் உள்ளது. ஆகவே மேற்படி மாப்பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன்.

ஊரில் அவருக்கு 'விசில்' என்று பெயர். வழிகாட்டி ஆவதற்கு முன் துறைமுகத்துக்கும் மலையடிவாரத்துக்கும் இடையே ஓடிய பேருந்தில் நடத்துநராக இருந்தார். நிர்வாகம் கொடுத்த விசிலை முதல் வாரமே கடலில் தொலைத்துவிட்டு, அதன்பின் இரண்டு விரலை வாயில் வைத்தே வண்டியை நிறுத்தினார், கிளப்பினார். படிக்கட்டில் தொங்கியபடி மண்சாலைப் புழுதியை விழுங்கியதில் அவருக்கு ஒரு வறட்டு இருமல் ஒட்டிக்கொண்டது. ஊதி முடித்தால் இருமுவார். பேருந்து கிளம்பிவிட்டது என்பதை மலையடிவாரத்தில் விசிலைக் கொண்டு அல்ல, இருமலைக் கொண்டே அறிந்தார்கள். இது மிகையன்று. நானே ஓடிப்போய் ஏறியிருக்கிறேன்.

என் தங்கை அப்பேருந்தில்தான் தையல் கடைக்குப் போய்வந்தாள். அவள் இறங்கும் நிறுத்தத்தில் மட்டும் விசில் சற்று நீளமாக ஒலிப்பதைக் கவனித்தேன். கவனித்ததை வீட்டில் சொன்னேன். கல்யாணம் ஆயிற்று.

அப்போது நான் துறைமுகத்துக்கு எதிரே நகலெடுக்கும் கடை வைத்திருந்தேன். பறவை பார்க்க வருகிறவர்கள் புத்தகப் பக்கங்களை நகலெடுக்கக் கொண்டுவருவார்கள். இயந்திரத்தில் சிக்கிக் கசங்கிய தாள்களை நான் எறிந்ததில்லை. அவற்றை வைத்தே இத்தீவின் பறவைகளைக் கற்றேன். நகலில் வால் விழாத படங்களுக்கு வாலைக் காட்டில் போய்ப் பார்த்துக்கொண்டேன். பின்னர் வழிகாட்டியானேன். பேருந்து நின்றுபோனபோது மாப்பிள்ளைக்கும் சங்கத்தில் இடம் கேட்டுப் பரிந்துரைக் கடிதம் எழுதியவன் நானே. நகல் இணைத்துள்ளேன்.

இம்மடல் விடுதியின் சாப்பாட்டு அறையிலும் கிடப்பதால், பயணிகளுக்காக ஒரு விளக்கம். ஊமைக்காடை இத்தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. பறக்கச் சோம்பும், முட்புதரை விட்டு வெளியே தலை நீட்டாது. பார்ப்பது அரிது என்பதால் அதன் குரலைக் கேட்டாலே பார்த்த கணக்கில் சேரும். ஆனால் அது தானாகக் கூவாது. தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் பறவை நுழைந்துவிட்டது என்று நினைத்தால் மட்டும் கோபத்தில் பதில் கொடுக்கும். ஆகவே வழிகாட்டி வாயால் அக்குரலை எழுப்புவார். பதில் வந்தால் கூட்டம் மகிழும். வராவிட்டால் காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பும்.

நானும் மாப்பிள்ளையும் பேசாமல் போனதற்குக் காரணம், இரண்டு ஆண்டுக்கு முன் நடந்த சங்கத்தின் தேநீர் விருந்து. எல்லோர் முன்னிலும் அவர் சொன்னார்: "மச்சான் காடை மாதிரியே கூப்பிடறார்னு சொல்றாங்க. எனக்கென்னவோ கெட்டில் கொதிச்சுச் சத்தம் போடற மாதிரிதான் கேக்குது. எழுந்து போய் அடுப்ப அணைக்கலாமான்னு தோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளருக்குத் தேநீர் மூக்கில் ஏறியது.

"உங்க வாயில வர்றதுக்குப் பேரு காடைக் குரல் இல்ல மாப்பிள்ளை," என்றேன். "ரைட், ரைட்."

அத்தோடு பேச்சு நின்றது. ஒரே சுவரின் இரு பக்கமும் குடியிருக்கிறோம். சேதி தங்கை வழியாகப் போகும், வரும். "தண்ணித் தொட்டி நிரம்பி வழியுதுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்பார், எனக்கு நேரடியாகவே கேட்கும் குரலில். அவள் வந்து சொல்லும்வரை நான் மோட்டாரை நிறுத்துவதில்லை.

மார்ச் ஒன்பதாம் தேதி என்னோடு வந்தவர்கள் ஒரு பல் மருத்துவரும் அவர் குடும்பமும். மேற்குப் பாதையில் போனோம். அதே காலை மாப்பிள்ளை, ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலரைக் கிழக்குப் பாதையில் அழைத்துச் சென்றிருக்கிறார். இரண்டு பாதையும் முடிவது அதே புதரில். புதரோ ஒரு பள்ளி மைதானம் அகலம். உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது விதி.

நான் கூவினேன். உடனே பதில் வந்தது. மறுபடி கூவினேன். பதில் முன்னிலும் கோபமாக வந்தது. இத்தனை ஆண்டில் அப்படி ஒரு காடையை நான் கேட்டதில்லை. பல் மருத்துவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஓய்ந்தால் அது விடவில்லை. அது ஓய்ந்தால் நான் விடவில்லை. கடைசியில் எனக்கு வாய் உலர்ந்துபோய் விட்டுக்கொடுத்தேன்.

விடுதியில் சாப்பிடும்போது பல் மருத்துவர் தம் கைபேசியில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினார். குரல் கணீரென்று இருந்தது. அது முடிந்ததும் ஒரு சின்ன இருமல் கேட்டது.

"இந்தப் பறவை இருமுமா?" என்று கேட்டார்.

"இருமாது," என்றேன். கேட்டதற்கு உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

"அப்ப புதருக்குள்ள யாரு? நல்லா ஆள் செட் பண்ணியிருக்கீங்க."

தினமும் சுவருக்கு அப்பால் கேட்கும் இருமல். எனக்குத் தெரியாதா? அன்று மாலையே பல் மருத்துவர் என்மேல் புகார் எழுதிக் கொடுத்தார். ஆசிரியைகள் யாரும் புகார் கொடுக்கவில்லை. எனக்கு இருமல் இல்லை. செயலாளர் மாப்பிள்ளையை அழைத்து விசாரித்தார். அவர் சொன்னது குறிப்பில் அப்படியே உள்ளது: "நான் கூப்பிட்டேன், காடை பதில் சொல்லுச்சு. அசல் காடை. பஸ் நிறைய ஜனங்களோட குரலக் கேட்டவன் நான். மனுஷன் எது, பறவை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

மறுநாள் தங்கை என் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, வீட்டுல ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை கிடையாது. காட்டுக்குள்ள போய் ஒரு மணி நேரமா? அப்படி என்னதான் பேசிக்கிட்டீங்க?"

"எல்லைத் தகராறு," என்றேன்.

"அத இங்கயே பேசியிருக்கலாமே. நடுவுலதான் சுவர் இருக்கு." சிரித்து முடித்துச் சொன்னாள்: "அன்னைக்கு அவர் சரியாவே சாப்பிடல, அண்ணே. இப்படி ஒரு காடைய ஜென்மத்துல கேட்டதில்லன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனார். அது நீங்கதான்னு ஒத்துக்கிட்டா, கெட்டில்னு சொன்ன வாய எங்க கொண்டு வச்சுப்பார்?"

"அது அவர் கவலை. என் வில்லை போயிடும். எழுதித் தரச் சொல்லு."

"நீங்க மொதல்ல ஏதாவது எழுதிக் குடுங்களேன். பெரியவர்தானே."

அவள் கேட்டது நியாயம். ஆகவே என் பங்கை இங்கே முதலில் பதிவு செய்கிறேன். கிழக்கிலிருந்து வந்த குரலை நான் ஊமைக்காடை என்றே நம்பினேன். இருமலை நீக்கிவிட்டால் அக்குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'ரைட், ரைட்' என்ற சொற்கள் உண்மைக்குப் புறம்பானவை. அவற்றைத் திரும்பப் பெறுகிறேன்.

மாப்பிள்ளை எழுதித் தரவேண்டியது இது: கிழக்கே நின்றது தாம்; தம்மை அங்கே நிறுத்தியது நானல்ல; மேற்கிலிருந்து வந்த குரலை அவர் காடை என்றே நம்பினார், எந்த நேரத்திலும் கெட்டில் என்று நினைக்கவில்லை. கையொப்பமும் தேதியும் இருக்க வேண்டும். முப்பதாம் தேதிக்கு முன் என் கதவுக்கு அடியில் தள்ளினால் போதும். தங்கையை அலைக்கழிக்க வேண்டாம்.

நேற்று மாலை சுவருக்கு அப்பாலிருந்து காடைக் குரல் வந்தது. பின்னாலேயே ஓர் இருமலும் வந்தது. மரியாதைக்காக நானும் ஒரு முறை பதில் கொடுத்தேன். அத்தோடு விஷயம் முடிந்துவிட்டதாக அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிர்வாகக் குழு விசிலைக் கோப்பில் சேர்க்காது. எழுத்து மூலமான பதில் வேண்டும்.